பாதியாய்க் கிழித்துப் படித்த நாவல்

(வாசகர் கேள்வி – பதில். பதில் எழுதுபவர் விமானப்படையில் இருபது வருடம் இன்ஜின் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறார்.)

கேள்வி: போன இதழில் 'ஃபயர்ஃபாக்ஸ்' என்ற ஆங்கில நாவலைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். 1985 வாக்கில் ஊரீசு கல்லூரியில் படித்த காலத்தில் நானும் அதை ஒரே ராத்திரியில் முடித்தவன். அந்த ஆசையில் சமீபத்தில் மறுபடி எடுத்தேன். நூறு பக்கம் தாண்டவில்லை, மூடிவிட்டேன். கெட்டுப்போனது புத்தகமா, நானா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், குடியாத்தம்

ஐயா, வணக்கம். நீங்கள் மூடி வைத்ததை நான் போன மாதம்தான் கடைசிப் பக்கம் வரை படித்து முடித்தேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும். மற்ற வாசகர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் அந்த நாவலைப் பின்பாதியிலிருந்து முன்பாதிக்குப் படித்தவன். 1984. அசாமில் ஒரு விமானத்தளம். அங்கே பெய்யும் மழை பாலாற்றங்கரைக்காரனுக்குப் புரியாது. துவைத்துப் போட்ட ஓவரால் நாலு நாளானாலும் காயாது. எங்கள் பில்லட்டில் (தங்கும் கொட்டடி) இருபது கட்டில். லீவு முடிந்து திரும்பிய பாலக்காட்டுக் கார்ப்பரல் ஒருவர் கவுகாத்தி ஸ்டேஷனில் அந்தப் புத்தகத்தை வாங்கி வந்திருந்தார். படிக்க ஆறு பேர் வரிசை. அவர் ஷேவிங் பிளேடை எடுத்துப் புத்தகத்தின் முதுகில் ஒரே இழுப்பு இழுத்தார். நாவலாசிரியரே கதையைத் திருட்டு, பறப்பு என்று இரண்டு பாகமாகப் பிரித்து வைத்திருந்ததால் வெட்ட இடம் தேட வேண்டியிருக்கவில்லை. என் கைக்கு வந்தது பறப்பு.

படிக்காதவர்களுக்குக் கதை இதுதான். கிரெய்க் தாமஸ் என்ற பிரிட்டிஷ்காரர் எழுதியது, 1977-இல் வந்தது. ஆங்கில வாத்தியாராக இருந்தவர். (உங்கள் ஜாதிதான் ஐயா!) சோவியத் ரஷ்யா மிக்-31 என்று ஒரு போர் விமானம் செய்கிறது. ரேடாருக்குத் தெரியாது, யாரும் எட்டிப் பிடிக்க முடியாத வேகம், பைலட் மனதில் நினைத்தாலே ஆயுதம் பாயும். வியட்நாம் போரில் மனம் நொறுங்கிய அமெரிக்க பைலட் கான்ட் வேஷம் போட்டு மாஸ்கோவுக்குள் நுழைந்து, அதைத் திருடி, வடக்கே பறந்து, பனிப்பாளத்தின் மேல் இறங்கி, நீர்மூழ்கிக் கப்பலிடம் எண்ணெய் வாங்கிக்கொண்டு மறுபடி கிளம்புகிறான். பின்னாலேயே அதே ரகத்தில் செய்த இரண்டாவது விமானம் துரத்துகிறது. 1982-இல் கிளின்ட் ஈஸ்ட்வுட் நடித்து இயக்கிப் படமாகவும் வந்தது.

எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. ஆற்காடு பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் தமிழில் படித்தவன். என் இங்கிலீஷ் முழுக்கத் தாம்பரம் பயிற்சிப் பள்ளியில் இன்ஜின் மேனுவலிலிருந்து வந்தது. அதனால் ஒரு வேடிக்கை நடந்தது. பறப்புப் பாகம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. த்ராட்டில், ஆஃப்டர்பர்னர், ஆல்டிமீட்டர், ஃப்யூயல் ஃப்ளோ எல்லாம் தினமும் கையில் புழங்கும் சொற்கள். பக்கம் பறந்தது. பிறகு திருட்டுப் பாகம் கைக்கு வந்தது. மாஸ்கோ தெரு, ஹோட்டல், சுரங்க ரயில், போலி பாஸ்போர்ட், உளவுத்துறை ஆட்களின் இழுபறிப் பேச்சு. வரிக்கு வரி அகராதி வேண்டியிருந்தது. அரைகுறையாகப் புரட்டி விமானம் கிளம்பும் இடத்துக்கு வந்து சேர்ந்தேன். இதைத்தான் நாற்பது வருடமாக 'நான் படித்த நாவல்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுபடி அது கிடைத்தது சத்துவாச்சாரியில் ஒரு பழைய பேப்பர் கடையில். வீட்டுப் பேப்பரைப் போடப் போனேன். மூட்டைக்கு நடுவே முதுகு தெரிந்தது. கடைக்காரர் தராசில் வைத்துப் பார்த்து, "இன்னா சார் பெருசா, இருபது ரூபா குடு" என்றார். முழுப் புத்தகம், கிழியாதது. முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் சர்க்கரை மாத்திரைக்கு டோக்கன் வாங்கிவிட்டு உட்கார்ந்த இடத்தில் ஆரம்பித்தேன்.

முதலில் வந்தது சிரிப்பு. அந்தக் கதை முழுவதும் ஒரு பயத்தின் மேல் நிற்கிறது: 'ரஷ்யாக்காரன் நம்மைத் தாண்டிப் போய்விட்டான்.' அந்தப் பயத்துக்கு நிஜத்தில் ஒரு பெயர் இருந்தது, மிக்-25 என்ற சோவியத் போர் விமானம். அதன் வேகத்தையும் பெரிய இறக்கைகளையும் தூரத்திலிருந்து பார்த்தே அமெரிக்கா தூக்கம் கெட்டது. நாவல் வருவதற்கு முந்தைய வருடம், 1976 செப்டம்பர் 6-ஆம் தேதி, விக்டர் பெலென்கோ என்ற சோவியத் பைலட் தன் மிக்-25-ஐ ஓட்டிக்கொண்டு ஜப்பானில் ஹக்கோடேட் என்ற சாதாரணப் பயணிகள் விமான நிலையத்தில் வந்து இறங்கினார். ஓடுபாதை போதாமல் தாண்டி ஓடி நின்றது. அமெரிக்கர்கள் அதைத் திருகு திருகாகக் கழற்றிப் பார்த்தார்கள். ஏதோ அபூர்வ உலோகம் என்று நினைத்தால் பெரும்பகுதி நிக்கல் கலந்த எஃகு. ரேடாரில் நம் பழைய வால்வு ரேடியோவில் இருப்பது போன்ற வால்வுகள். நேர்கோட்டில் ராக்கெட் மாதிரி போகும், ஆனால் சண்டைக்கு வளைத்துத் திருப்ப முடியாது. ஒலியின் வேகத்தைப்போல் மூன்று மடங்கு என்று முறுக்கினால் இன்ஜின் வீணாகும். பயந்தது ஒன்று, இருந்தது வேறு. பிரித்து முடித்த பிறகு ஜப்பான்காரர்கள் அதைப் பெட்டி பெட்டியாக ரஷ்யாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். நாவலில் வேஷமும் கொலையுமாக நடக்கும் வேலையை நிஜத்தில் ஒரு ஆள் தானாக வந்து வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்.

அதற்காக மிக்-25-ஐ மட்டமாக நினைக்க வேண்டாம். நம் நாடும் 1981-இல் அதை வாங்கியது. உத்தரப் பிரதேசம் பரேலியில் வைத்து 2006 வரை ஓட்டியது. சண்டைக்கு அல்ல, உயரத்திலிருந்து படம் எடுக்க. 'கருடா' என்று பெயர். ஒரு தடவை வேலையாக அங்கே போனபோது தூரத்திலிருந்து பார்த்தேன். பின்பக்கம் இரண்டு இன்ஜின் வாய். ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் சம்மணம் போட்டு இலை விரித்துச் சாப்பிடலாம். அதன் கூலிங்குக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் சாராயச் சத்து வேண்டும். சோவியத் தளங்களில் அதில் ஒரு பங்கு ஏர்மென் வயிற்றுக்குப் போகும் என்று பெலென்கோவே சொல்லியிருக்கிறார். இந்த விஷயம் மட்டும் எங்கள் பில்லட்டுக்குத் தெரிந்திருந்தால் பாதிப் பேர் பரேலிக்குப் போஸ்டிங் கேட்டிருப்பார்கள்.

அடுத்தது அந்த ரேடாருக்குத் தெரியாத சமாச்சாரம். நாவலில் அது ரஷ்யாவின் ரகசியம், அமெரிக்கன் போய்த் திருடுகிறான். நிஜம் அப்படியே தலைகீழ். நாவல் வந்த அதே 1977, டிசம்பர் மாதம், அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் ஒரு சோதனை விமானம் ரகசியமாகப் பறந்தது. பின்னாளில் எஃப்-117 என்று வந்த, ரேடாருக்குத் தெரியாத விமானத்துக்கு அதுதான் தாய். அதன் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? பியோத்ர் உஃபிம்ட்சேவ் என்ற சோவியத் விஞ்ஞானி, அலைகள் விளிம்புகளில் பட்டு எப்படிச் சிதறும் என்று 1962-இல் ஒரு புத்தகம் போட்டார். அவர் நாட்டில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, வெளியிட அனுமதித்துவிட்டார்கள். அமெரிக்க விமானப்படை அதை மொழிபெயர்த்து வைத்தது. லாக்ஹீட் கம்பெனி இன்ஜினியர் ஒருவர் எடுத்துப் படித்தார். மாஸ்கோவுக்குள் நுழையவும் இல்லை, யாரும் சாகவும் இல்லை. நூலகத்துக்குப் போய் வந்த கதை. வாத்தியாரான உங்களுக்கு இந்தத் திருட்டுதான் அதிகம் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் பொது அறிவு. மறுபடி படித்தபோது என்னை நிறுத்தியது வேறு ஓர் இடம். சொன்னால் வெட்கம், முதல் தடவை நான் தள்ளிவிட்டுப் போன பக்கங்கள் அவை.

விமானத்தைத் திருட கான்ட் ஒருவனால் ஆகிவிடுமா? மாஸ்கோவிலிருந்து அவனைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆட்கள் வேண்டும். ஒருவர் பின் ஒருவராக ரஷ்யர்கள் அவனைக் கைமாற்றி அனுப்புகிறார்கள், ஒருவர் பின் ஒருவராகச் சாகிறார்கள். கடைசியில் அந்த ரகசியத் தளத்தின் ஹேங்கர், விமானத்தை நிறுத்தி வைக்கும் கொட்டகை. அங்கே அந்த விமானத்தைச் செய்த விஞ்ஞானிகளில் சிலரே அவனுக்கு உதவுகிறார்கள். அவன் காக்பிட்டில் ஏறக் கொஞ்சம் நேரம் வேண்டும். அந்த நேரத்தை வாங்கிக் கொடுக்க இரண்டாவது விமானத்துக்குப் பக்கத்தில் தீ வைக்கிறார்கள். சுட்டுத் தள்ளப்படுகிறார்கள். அவன் கிளம்பிவிடுகிறான். கதையும் அவனோடேயே ஏறிப் போய்விடுகிறது, ஹேங்கரைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இருபத்துநாலு வயதில் நானும் அவனோடு ஏறிப் போய்விட்டேன். அறுபத்தைந்து வயதில் ஏற முடியவில்லை. மருத்துவமனை பெஞ்சில் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடியே உட்கார்ந்துவிட்டேன். டோக்கன் நம்பர் தாண்டிப் போய், திரும்ப வரிசையில் நின்றேன்.

ஏன் என்றால், நான் வேலை பார்த்த இடம் அந்த ஹேங்கர்தான் ஐயா. எங்கள் போர் விமானம் மிக்-21 எஃப்எல், எங்கள் பேச்சில் டைப் 77. அது முக்கால் மணி நேரம் பறக்க, விடியற்காலை நாலு மணிக்கு நாங்கள் பனியில் நின்று கவரைக் கழற்றுவோம். இன்ஜின், ஏர்ஃப்ரேம், எலக்ட்ரிகல், இன்ஸ்ட்ருமென்ட், ரேடியோ, ஆர்மமென்ட் என்று ஒவ்வொரு டிரேடுக்காரனும் தன் பங்கைப் பார்த்து ஃபார்ம் 700 என்கிற பதிவேட்டில் கையெழுத்துப் போடுவான். எல்லாக் கையெழுத்துக்கும் கீழே பைலட் போட்டால்தான் விமானம் அவருடையது. அதுவரை நம்முடையது. இறங்கும்போது வால்பக்கம் ஒரு பாராசூட் விரிந்து வேகத்தைப் பிடிக்கும். பைலட் அதை ஓடுபாதையிலேயே உதறிவிட்டுப் போவார். ஓடிப்போய் அதைச் சுருட்டி எடுத்து வந்து, உலர்த்தி, மடித்து, அடுத்த பறப்புக்குள் திரும்பத் திணிக்க வேண்டும். மழையில் நனைந்த பாராசூட்டைத் தோளில் போட்டு நடந்தால் பொணம் தூக்குவது போலிருக்கும்.

ஒரு நாள் சாயங்காலம் டூல் கணக்கு எடுத்தார்கள். பலகையில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்தில் நிழல் வரைந்திருக்கும். எடுத்தால் நிழல் தெரியும். ஒரு சின்ன ஸ்குரூ டிரைவரின் நிழல் மட்டும் காலி. அன்றைக்கு நாங்கள் தொட்ட மூன்று விமானங்களையும் நிறுத்திவிட்டார்கள். டார்ச் வெளிச்சத்தில் பேனல் பேனலாகத் திறந்து தேடினோம். ஒரு ஸ்குரூ டிரைவர் கன்ட்ரோல் ராடுக்கு நடுவே சிக்கினால் மேலே போகிறவர் திரும்ப மாட்டார். இரவு பதினோரு மணிக்கு அது கிடைத்த இடம் என் ஓவராலின் முழங்கால் பை. யாரும் திட்டவில்லை. சீனியர் வாரண்ட் ஆபீசர் அதை வாங்கி நிழலில் மாட்டிவிட்டு, "போய்ச் சாப்பிடு" என்றார். மெஸ் மூடியிருந்தது.

நாவலில் அந்த விமானம் புதிதாகச் செய்தது, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்கிறது, பனியில் இறங்குகிறது, ஏவுகணை விடுகிறது. ஒரு பேனல் திறந்து பார்க்கவில்லை. இன்ஜினில் ஒரு கசிவு இல்லை. ஃபிட்டர் என்ற முறையில் நான் அதில் கையெழுத்துப் போட மாட்டேன்! எண்ணெய் நிரப்பும் காட்சி ஒன்றில்தான் எனக்கு மூச்சு வந்தது. அங்கே மாலுமிகள் குளிரில் வேலை செய்கிறார்கள், குழாயை இழுக்கிறார்கள், கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். அந்தப் பகுதியை எழுதியவருக்கு வேலை என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் சலித்து மூடிய முதல் நூறு பக்கம் சலிப்புதான், ஒத்துக்கொள்கிறேன். உளவுத்துறை அறைகளில் ஒரே விஷயத்தை நாலு பேர் நாலு தடவை பேசுகிறார்கள். கான்டின் வியட்நாம் கெட்ட கனவு, தேவைப்படும் இடத்திலெல்லாம் சொல்லி வைத்தாற்போல் வருகிறது. பெண்கள் என்று யாரும் கிட்டத்தட்ட இல்லை. கான்ட் எப்பேர்ப்பட்ட பைலட் என்று தெரியும், ஆள் எப்படிப்பட்டவன் என்பது புத்தகம் முடிந்தும் தெரியவில்லை. ஆனால் நீங்கள் மூடிய இடத்துக்குச் சற்றுத் தள்ளித்தான் அந்த ஹேங்கர் இருக்கிறது. அதுவரை போய்விட்டு மூடுங்கள். அதற்கப்புறம் வரும் பறப்பை நீங்கள் 1985-லேயே படித்துவிட்டீர்கள், அது அப்படியேதான் இருக்கிறது.

கேள்வி: எங்கள் வீடு அரக்கோணத்தில் கடற்படை விமானதளத்துக்குப் பக்கம். நான் பள்ளியில் படிக்கும்போது ஒரு பெரிய விமானம் வரும். அடுப்படியில் எவர்சில்வர் தட்டெல்லாம் கிணுகிணுக்கும். என் பாட்டி, "வந்துட்டான் உன் மாமன்" என்பாள். இப்போது வருவது சத்தமே இல்லை. அது என்ன விமானம்? எங்கே போயிற்று?
– இல்லத்தரசி, அரக்கோணம்

அம்மா, உங்கள் மாமன் பெயர் டுபோலெவ் டியு-142. ரஷ்யாக்காரர். மேற்கு நாடுகள் வைத்த பெயர் 'கரடி'. நம் கடற்படை 1988-இல் எட்டு வாங்கி முதலில் கோவாவில் வைத்திருந்தது. 1992 மார்ச்சில் அரக்கோணம் ராஜாளி தளம் தொடங்கியதும் அங்கே வந்து சேர்ந்தது. நாலு கிலோமீட்டருக்கு மேல் நீளமான அந்த ஓடுபாதையைப் பார்த்துப் பலர் வியப்பார்கள். அவ்வளவு பெரிய கரடிக்கு அவ்வளவு நீளம் வேண்டும்.

சத்தத்துக்குக் காரணம் இருக்கிறது. நாலு இன்ஜின்தான், ஆனால் ஒவ்வொரு இன்ஜினிலும் முன்னும் பின்னுமாக இரண்டு புரொப்பெல்லர், ஒன்று வலமாகச் சுற்றினால் மற்றது இடமாகச் சுற்றும். புரொப்பெல்லர் நுனிகள் ஒலியின் வேகத்தை ஒட்டிச் சுற்றுவதால் அந்த அதிர்வு. புரொப்பெல்லர் விமானத்தில் ஜெட்டுக்குச் சமமாக ஓடியது அது. வேலை என்னவென்றால் கடலுக்கு மேல் பல மணி நேரம் சுற்றி நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுவது. 2017 மார்ச் 29-ஆம் தேதி அதற்கு விடை கொடுத்தார்கள். இப்போது வருவது அமெரிக்காவின் பி-8ஐ, போயிங் பயணிகள் விமானத்தின் உடம்பு. பாத்திரம் கிணுகிணுக்காது.

நான் ஊருக்கு வந்த பிறகு ஒருமுறை ரயிலில் அரக்கோணம் ஜங்ஷனில் நின்றபோது அது மேலே போனது. பெட்டியில் இருந்த எல்லோரும் காதைப் பொத்தினார்கள். நான் மட்டும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, நாலு இன்ஜினும் ஒரே சுருதியில் ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஓடியது. உங்கள் பாட்டிக்கு என் வணக்கம், அவர் சொன்னது சரி. அப்படி ஆர்ப்பாட்டமாக வருகிறவர் மாமனாகத்தான் இருக்க முடியும்.

கேள்வி: மனதில் நினைத்தால் ஏவுகணை போகும் விமானம் இப்போது சாத்தியமா?
– கல்லூரி மாணவர், ஆரணி

தம்பி, பாதி சாத்தியம். தலையைத் திருப்பி எதிரியைப் பார்த்தால், ஹெல்மெட்டில் இருக்கும் குறி அந்தப் பக்கமே ஏவுகணையைத் திருப்பும் ஏற்பாடு மிக்-29-இல் எண்பதுகளிலேயே வந்துவிட்டது. நம்மிடமும் இருந்தது. ஆனால் சுட விரல்தான் அழுத்த வேண்டும், மனது அழுத்தாது. நினைப்பைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் கைகால் செயலிழந்த ஒரு பெண்ணின் மூளையில் சின்ன மின்முனைகளைப் பொருத்தி, எஃப்-35 விமானத்தின் கம்ப்யூட்டர் மாதிரியை நினைப்பாலேயே ஓட்ட வைத்தார்கள். நிஜ விமானம் அல்ல. நிஜத்தில் என் போன்றவன் ஓட்டினால், எதிரியை நினைப்பதற்குள் பழைய பாக்கி ஞாபகம் வந்துவிடும், ஏவுகணை கடன்காரன் வீட்டுக்குப் போகும்.

ஃபயர்ஃபாக்ஸ் படத்தில் இன்னொரு நிபந்தனை உண்டு: ரஷ்ய மொழியில் நினைத்தால்தான் வேலை செய்யும். எங்கள் விமானங்களில் சில பாகங்களின் மேல் ரஷ்ய எழுத்து இருக்கும். ரஷ்ய மொழி எங்களுக்குத் தெரியாது, எழுத்தைத் தமிழில்தான் படித்தோம். பந்தல் கால் மாதிரி ஒரு எழுத்து, அது 'ப'. பந்தலுக்குப் 'ப' என்று மனப்பாடம். காலை விரித்த வண்டு மாதிரி ஒன்று, அது 'ழ'-வுக்கும் 'ஜ'-வுக்கும் நடுவே எங்கோ. தமிழ்ப் பையன்களுக்கு அது சட்டென்று நாக்கில் வந்தது. பஞ்சாபிப் பையன்கள் எங்களிடம் கேட்டுப் போவார்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போயிருக்கிறார்கள், ராணுவப்பேட்டை என்றே சொல்கிறார்கள். இத்தனை பேர் போயும் இப்படி ஒரு விறுவிறுப்பான விமானப்படை நாவல் தமிழில் ஏன் பெரிதாக வரவில்லை?
– வாசகி, கம்மவான்பேட்டை

வேலூர்க் கோட்டையைப் பற்றி ஒரு சொலவடை உண்டே அம்மா, 'ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு' என்று. ஜலகண்டேஸ்வரர் 1981-இல் உள்ளே வந்துவிட்டதால் நடுவில் இருப்பது பொய்யாகிவிட்டது. அந்தக் காலி இடத்தில் 'நாவல் இல்லாத பட்டாளத்து ஊர்' என்று சேர்த்துக்கொள்ளலாம்.

எனக்குத் தெரிந்த காரணம் இது. அங்கே நாங்கள் பேசியது இந்தி, எழுதியது இங்கிலீஷ். தமிழ் மிஞ்சியது இன்லண்ட் லெட்டரில் மட்டும். அதிலும் நாலாவது வரிக்கு மேல் எழுத ஒன்றும் இருக்காது. எந்த இடம் என்று எழுதக்கூடாது, என்ன வேலை என்று எழுதக்கூடாது. 'நலம், நலமறிய ஆவல், இங்கு குளிர் அதிகம்' என்று முடித்துவிடுவோம். இருபது வருடம் அப்படி எழுதிப் பழகியவன் ஊருக்கு வந்து பேனாவை எடுத்தாலும் நாலாவது வரியில் கை நிற்கிறது. என் கடிதங்களை என் மனைவி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் சுருட்டி வைத்திருக்கிறாள். அண்மையில் எடுத்துப் பார்த்தேன். அந்த ஸ்குரூ டிரைவர் ராத்திரிக்கு மறுநாள் எழுதியதும் அதில் இருக்கிறது. 'நேற்று வேலை கொஞ்சம் லேட்டாகிவிட்டது' என்று எழுதியிருக்கிறேன். அவ்வளவுதான்.

உங்கள் ஊரில் திண்ணைக்குத் திண்ணை கதை இருக்கும். பட்டாளத்தாரிடம் கேட்டால் சொல்ல மாட்டார்கள். அவர்கள் மனைவிகளிடம் கேளுங்கள், பாட்டிலைத் திறப்பார்கள்.

கேள்வி: மிக்-21-க்கு விடை கொடுத்த நாளில் அழுதீர்களாமே?
– வாசகர், வாலாஜாபேட்டை

2025 செப்டம்பர் 26, சண்டிகர். டிவியில் பார்த்தேன். அழவில்லை. 1963-இல் வந்த விமானம், அறுபத்திரண்டு வருடம் ஓடியிருக்கிறது. நான் அறுபத்தைந்திலேயே படி ஏற மூச்சு வாங்குகிறேன். கடைசியாக அது தரையில் உருண்டு வரும்போது இரண்டு பக்கமும் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். "இன்னாத்துக்குய்யா இன்ஜினுக்குள்ள தண்ணி உடறானுங்க" என்று கத்தினேனாம். மனைவி ஊரெல்லாம் சொல்லிவிட்டாள், அது உங்கள் காதுக்கு வரும்போது அழுகையாகிவிட்டது.

கேள்வி: ஆற்காடு மக்கன் பேடாவா, முள்ளு கத்தரிக்காய்ச் சாம்பாரா?
– வாசகர், ராணிப்பேட்டை

டாக்டர் சொன்னது கத்தரிக்காய். உள்ளம் சொல்வதை அச்சில் போட முடியாது, மனைவி இந்தப் பத்திரிகையைப் படிக்கிறாள்.

கேள்வி: அந்தப் பழைய பேப்பர் கடைப் பிரதியை எனக்கு இரவல் தருவீர்களா? என் பிரதியைச் சலித்துப்போய் மருமகனிடம் கொடுத்துவிட்டேன்.
– முதல் கேள்வி கேட்ட அதே ஆசிரியர், குடியாத்தம் (அடுத்த தபாலில்)

தருகிறேன் ஐயா. சத்துவாச்சாரிக்கு வந்து வாங்கிப் போங்கள். முதல் பக்கத்துக்கு எதிரில் ஒரு தாள் ஒட்டிவைத்திருக்கிறேன்: பக்கங்கள் முழுமை, முதுகு கிழிவு இல்லை, அட்டையில் ஓர் எண்ணெய்க் கறை (என்னுடையது). என் கையெழுத்துப் போட்டாயிற்று. அதற்குக் கீழே உங்கள் இடம் காலியாக இருக்கிறது. போட்ட பிறகு அது உங்களுடையது, திரும்பி வரும்வரை.